உன் இளவரசனுக்குச் சோறு போட்டது யார்?

பூம்பாறை
கார்த்திகை மாதம்

மாப்ளே துரை,

நீ எழுதிய நாவலின் கட்டு வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் நலம். மழை முழுசாக விடவில்லை, அதற்குள் ராக்குளிர் இறங்கிவிட்டது. மதினியின் கால்வலி பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நேரில் வா, பேசிக்கொள்கிறேன். ராமு இன்னும் அந்தச் சைக்கிளை விற்கவில்லையாமே!

விஷயத்துக்கு வருகிறேன். முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டு விளக்கை அணைக்க மனசு வரவில்லை. அரண்மனை எரிகிறது, குழந்தைக் காப்பான ஐம்படைத்தாலிகூடக் கழற்றாத இளவரசன் இளமாறனை முதுகில் கட்டிக்கொண்டு மெய்க்காவலன் காரி மலையேறுகிறான். பாண்டியன் தலையாலங்கானத்து நெடுஞ்செழியனைப் புலவர் இடைக்குன்றூர் கிழார் பார்த்த பார்வை அதில் இருக்கிறது. புறநானூறு 77: குழந்தைக் கிண்கிணி கழற்றிய காலில் வீரக்கழல், ஐம்படைத்தாலி இன்னும் கழுத்தில். குழந்தையையும் கொலைக்களத்தையும் ஒரே மூச்சில் காட்டுகிற அந்தத் துணிச்சல் உனக்கும் வந்திருக்கிறது.

நாலாவது அத்தியாயத்தில்தான் எனக்குக் கோபம். "குறிஞ்சி மறுபடி பூத்தது" என்று ஒரு வரி எழுதிப் பன்னிரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டாய். குறிஞ்சியின் கணக்கு சரிதான். 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, இனி 2030. ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷமும் பையன் என்ன தின்றான்? யார் வீட்டுப் பானையிலிருந்து? அதைச் சொல்லாமல் பதினெட்டாம் அத்தியாயத்தில் இரண்டாயிரம் பேரோடு மலையிலிருந்து இறங்குகிறான். உன் நாவலில் இருட்டு வேண்டும் என்று பேயையும், வருத்தும் தெய்வமான அணங்கையும் எங்கெங்கோ தேடியிருக்கிறாய். நிஜமான இருட்டு அந்தப் பானைக்குள்ளே இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், வா. நடந்து சண்டை போடுகிற ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கால் கிலோ தானியமாவது வேண்டும். இரண்டாயிரம் பேருக்கு 1,500 கிலோ. மலையிறங்கி, ஆறு கடந்து, கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர நீ கொடுத்திருப்பது 12 நாள். ஆக 18 டன். பொதிமாடு ஒன்று சுமார் 100 கிலோ சுமக்கும் என்றால் 180 மாடு. நீ மாட்டையே காட்டவில்லை, மலைவாசிகள் தலைச்சுமையாகக் கொண்டுவந்ததாக எழுதியிருக்கிறாய். சரி, ஆளுக்கு 30 கிலோ. ஆனால் சுமக்கிறவனும் சாப்பிட வேண்டுமே! 12 நாளில் 9 கிலோவை அவனே தின்றுவிடுவான், மிச்சம் 21 கிலோதான் படைக்கு. 850 பேருக்கு மேல் சுமை தூக்க வேண்டும். அவர்கள் வீடு திரும்புகிற வழிச் சோறு இதில் சேரவில்லை.

இந்தத் தானியம் எங்கே விளைந்தது? நீ காட்டுகிற மலையில் நெல் வயல் கொஞ்சம். சாமை, தினை, கேழ்வரகுதான் நிறைய. மானாவாரிச் சாமை ஏக்கருக்கு 300, 400 கிலோ வந்தாலே நல்ல விளைச்சல். குத்தி உமி போக்கினால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஏறக்குறைய எண்பது ஏக்கர் மகசூலை ஒரு மணி விடாமல் வழித்தால்தான் 18 டன் தேறும். ஒரு மணி விடாமல் என்றால் விதைத்தானியத்தையும் சேர்த்து. தானியக் குதிரின் அடியில் கிடக்கும் விதையைப் படைக்கு அள்ளிக் கொடுத்த ஊர், அடுத்த ஆடியில் எதை விதைக்கும்? இளமாறன் முடிசூடுகிற அதே மாதத்தில் மலையில் பஞ்சம் தொடங்குகிறது. நீ இதை எழுதவே இல்லை, துரை. அவன் வென்றான் என்று பாட்டெழுதி முடித்துவிட்டாய். எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கவே முடியவில்லை.

இனி சில்லறைப் பிழைகள். அவன் ஒளிந்திருக்கும் காட்டில் தைல மரம் வாசம் வீசுகிறது. தைல மரம் நீலகிரிக்கே 1840-களில்தான் வந்தது. நம் கொடைக்கானல் பைன் காடும் போன நூற்றாண்டில் நட்டதே. கற்பனை நாடு என்று நீ வாதாடுவாய். ஆனால் வாசகனுக்கு மூக்கில் ஊட்டி வாசம் அடித்ததும் கதை அறுந்துவிடும். உருளைக்கிழங்கையும் மிளகாயையும் அதே காரணத்துக்காக எடுத்துவிடு, மிளகு போதும். மலை மடிப்புகளில் சோலை, மேட்டில் புல்வெளி, அதுதான் இந்த மேல்மலையின் பழைய முகம். ஓரத்தில் காட்டுப்பூவரசு சிவப்பாகப் பூத்து நிற்கட்டும். புல்வெளியில் ஒருத்தன் நடந்தால் எதிர்மலையிலிருந்து தெரியும், அதனால் அவர்கள் மதியத்துக்கு மேல், மஞ்சு ஏறி வந்த பிறகு கடக்க வேண்டும். மஞ்சு மூடினால் பத்தடிக்கு முன்னால் போகிறவன் தெரியமாட்டான். ஒருவர் இடுப்புத் துணியை ஒருவர் பிடித்துத்தான் போக வேண்டும். மார்கழி தையில் உறைபனி பள்ளத்தில்தான் படியும். பள்ளத்தில் படுத்தவன் விறைப்பான், சரிவில் படுத்தவன் பிழைப்பான். காரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சமவெளிச் சமையல்காரன் இங்கே ஏறி வந்ததும் சோறு வேகாமல் நிற்கும் காட்சி ஒன்று வை. ஏழாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பதைப் பார்த்து இறக்கினால் அரிசி நறுக்கென்று இருக்கும். சோலை விறகோ ஈரம், புகைதான் வரும். புகை வந்தால் ஒளிவிடம் தெரிந்துபோகும். ஒரு படையைக் காட்டிக்கொடுக்க இதைவிட நல்ல வழி எது?

இறங்குகிற பாதையும் அப்படித்தான். வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிற பாதையை மனசில் வைத்துத்தான் எழுதியிருக்கிறாய், படித்ததுமே தெரிந்தது. அதில் ஆள் பின்னால் ஆளாகத்தான் போக முடியும். ஆளுக்கு இரண்டு மீட்டர் வைத்தால் இரண்டாயிரம் பேர் நாலு கிலோமீட்டர் நீளம். தலை அடிவாரத்தைத் தொட்ட பிறகு வால் வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். மேலே ஐம்பது பேர் கல்லோடு உட்கார்ந்தால் கதை முடிந்தது. அதனால் ஒரே பாதையில் இறக்காதே. மூன்று பாதை, மூன்று இரவு, அடிவாரத்துக்கு வெளியே கூடுகை.

அடிவாரம் என்றதும் நினைவு வருகிறது. சித்தப்பன் வல்லபனின் படை மலைக்குக் கீழே பாசறை போடுகிறது, அணங்கு ஒரே இரவில் எல்லாரையும் கொல்கிறது. வேண்டாம், மாற்றிவிடு. மழை விட்ட பருவத்தில் அடிவார ஓடைக்கரையில் படுத்தவனுக்கு மலைக்காய்ச்சல் வரும். கொசு கடித்த அன்று ஒன்றும் தெரியாது. பத்து, பதினாலு நாள் கழித்துத்தான் நடுக்கம். மேலே இருக்கிறவர்கள் பகலில் கீழே இறங்கி வேலை முடித்து, இருட்டுவதற்குள் ஏறிவிடுவார்கள். வல்லபனின் ஆட்கள் சிரித்துக்கொண்டே கூடாரம் அடிக்கட்டும். இரண்டாவது வாரத்தில் ஒருவன் நடுங்குவான், மறுநாள் பத்துப் பேர், அதற்கடுத்த நாள் வாள் பிடிக்க ஆள் இருக்காது. அணங்கு செய்ததா, ஓடைத் தண்ணீர் செய்ததா என்று யாருக்கும் தெரியக்கூடாது, இளமாறனுக்கும்கூட. அப்போதுதான் அவன் தன் சக்தியை நம்பத் தொடங்குவான். அந்த நம்பிக்கைதான் அவனைக் கெடுக்கும்.

அவன் அணங்கோடு ஒப்பந்தம் செய்கிற கற்பதுக்கைக் காட்சி, அந்தக் கற்பலகைக் கல்லறைக் காட்சி, அருமை. ஒன்றே ஒன்று: அவனை நிமிர்ந்து நடந்து உள்ளே போக விட்டிருக்கிறாய். கல்லறைப் பலகையில் இருக்கும் இடுதுளை ஒரு ஆள் தோளை நுழைக்கிற அளவுதான் இருக்கும். தவழட்டும். அரசனாகப் போகிறவன் பிணம் போன வழியில் தலைகீழாக நுழையட்டும். தாண்டிக்குடி ஈமச்சின்னங்களில் கிடைத்த மாதிரிச் சிவப்புக் கல்லான சூதுபவழ மணி ஒன்று அவன் முழங்காலில் குத்தட்டும்.

காரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் ஆபத்துதவி. அரசனோடு சாகிறேன் என்று சத்தியம் செய்தவன். அரசன் செத்தான், இவன் சாகவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாழ்கிற ஒவ்வொரு நாளும் அவனுக்கு உடைந்த சத்தியம். நீ அவனை விசுவாசத்தின் சிலையாக நிறுத்திவிட்டாய். அவன் தூங்கமாட்டான், துரை. முடிசூட்டு நாளன்று அவன் என்ன செய்வான் என்று யோசி.

வெளிநாட்டு மன்னன் படை கொடுத்து உதவும் கிளைக்கதையைக் குறைத்துவிடு, அல்லது அதன் விலையைச் சொல். 12-ஆம் நூற்றாண்டில் மதுரை விழுந்து பராக்கிரம பாண்டியன் குடும்பத்தோடு கொல்லப்பட்டபோது தப்பிய மகன் வீரபாண்டியன். இலங்கைப் பராக்கிரமபாகுவின் தண்டநாயகன், அதாவது படைத்தலைவன், இலங்காபுரன்தான் அவனை அரியணை ஏற்றினான். பிறகு சோழர் வந்தார்கள். அந்தத் தண்டநாயகனின் தலையை மதுரைக் கோட்டை வாசலில் அறைந்ததைப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. அடுத்தவன் படையில் ஏறி வந்த முடி அடுத்தவன் கையிலேயே உருண்டது.

கடைசி அத்தியாயம். வல்லபனின் அரண்மனையை இடித்துக் கழுதை பூட்டி உழச் சொல்கிறான் இளமாறன். பழைய வழக்கம், எழுதியதும் சரி. புறநானூறு 392-இல் வெள்ளை வரகும் கொள்ளும் விதைப்பதாக வருகிறது. மாறவர்மன் சுந்தரபாண்டியனின் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தியிலும் கழுதை உழவு உண்டு. ஆனால் நீ ஏர் ஓட்டியதோடு நிறுத்திவிட்டாய். விதை எங்கே? வெளியூரிலிருந்து நடந்து வந்த படையிடம் மிச்சம் இருக்கிற தானியம் ஒன்றுதான்: மலையூர்ச் செம்பிக் கிழவி குதிரிலிருந்து அள்ளிக் கொடுத்தது. அதில் வரகும் இருக்கட்டும். ஒரு ஊர் அடுத்த வருஷம் பிழைக்க வைத்திருந்த விதையை, முளைக்கவே கூடாத மண்ணில், பகை தீர்க்க அவன் இறைக்கிறான். அணங்கு கேட்ட விலை தலைப்பிள்ளையின் ரத்தம் என்று வைத்திருக்கிறாயே, அதை அடித்துவிடு. அணங்கு இந்த விதையைத்தான் கேட்டது. அவனுக்கு அது மலிவாகப் பட்டது. உடனே சம்மதித்தான்.

இதைச் செய்ய நாலாவது அத்தியாயத்தை நீ திரும்ப எழுத வேண்டும். செம்பிக்கு ஒரு வீடு கொடு, குதிர் கொடு, அவள் பேரப்பிள்ளைகளுக்குப் பெயர் வை. இளமாறன் அந்தப் பிள்ளைகளோடு ஒரே தட்டில் தின்று வளரட்டும்.

அந்த அத்தியாயத்தை மட்டும் முதலில் அனுப்பு, மற்றதை அப்புறம் பார்க்கலாம். தபாலில் போடாதே, செல்வம் பொங்கலுக்கு வருகிறான், அவனிடம் கொடுத்துவிடு. மதினி கால்வலிக்கு என்ன மருந்து எடுக்கிறார் என்றும் அவனிடம் சொல்லி அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்