கதிருக்கு அம்மா எழுதுவது

எய்யா கதிரு,

போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்கிறாய். அதனால்தான் எழுதி மாமா கையில் கொடுத்துவிடுகிறேன். மதுரை ஆஸ்பத்திரிக்கு நேரில் வரலாம் என்றால் ஆச்சியைத் திருப்பிப் படுக்க வைக்க என்னை விட்டால் ஆளில்லை.

முட்டை சாப்பிடுகிறாயா? உடைந்த கால் எலும்பு கூடுவதற்கு அது முக்கியம். பிசியோ வரட்டும் என்று காத்திருக்காமல் கால் விரல்களை அசைத்துக்கொண்டே இரு. கம்பி தோலுக்குள் போகிற இடத்தைத் தினமும் துடைக்கிறார்களா பார். சிவந்தாலோ சீழ் கசிந்தாலோ உடனே சொல். சிகரெட் பிடித்தால் எலும்பு கூடுவது தள்ளிப்போகும். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று நீ சொல்கிறாய், நானும் நம்புகிறேன்.

ட்ரெஸ்ஸிங் மாற்றும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறாயாம். மற்ற நேரம் காலைப் போர்வையால் மூடியே வைத்திருக்கிறாயாம். அப்பா சேவிங் செட்டை எடுத்தால், "யாரு பாக்கப் போறா" என்றாயாம். அதற்குப் பிறகு நீ சொன்ன இன்னொன்றையும் அப்பா சொன்னார். அதை நான் எழுத மாட்டேன்.

எலும்பு வார்டில் வேலை பார்த்தே ரிட்டயர் ஆனவள் நான். கொத்தனார், டிரைவர், போலீஸ்காரர் என்று எத்தனையோ பேர். முதலில் வலியில் கத்துவார்கள். வலி குறைந்த பிறகுதான் சிலருக்குப் பேச்சு நின்றுபோகும். வெளியே லாரி பிரேக் போட்டாலே தூக்கிவாரிப் போடும். தொந்தரவு கொடுக்காத கட்டிலைத்தான் முதலில் போய்ப் பார்க்கணும் என்பார் எங்கள் ஹெட் சிஸ்டர்.

ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களுக்கென்றே 14 கேள்விகள் இருக்கின்றன. 1983-இல் வந்தவை. பாதி பதற்றத்துக்கு, பாதி மனச்சோர்வுக்கு. அதில் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா என்று கேட்கவே மாட்டார்கள். அந்த இரண்டும் கால் வலியாலும் கெடும் இல்லையா? போன வாரம் எதற்காவது சிரிக்க முடிந்ததா, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று பதறுகிறதா, முகம் தலையைக் கவனிக்கிற அக்கறை போய்விட்டதா, இப்படித்தான் இருக்கும். சேவிங் செட் விஷயத்தை அப்பா சொன்னதும் எனக்கு அந்தத் தாள்தான் ஞாபகம் வந்தது.

முதல் சம்பளத்திலேயே எங்கள் வட்டிக் கடனை அடைத்த பிள்ளை நீ. தெருவில் இன்னும் அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவனுக்குப் பெற்றவளிடம் நாலு வார்த்தை பேச என்ன கேடு? சரி, அதை விடு. முட்டையை மட்டும் ஒதுக்கிவைக்காதே.

கதிரு, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறந்து வீட்டுக்கு வந்த பிறகு உன்னைத் தூக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. நீ அழுதால் ஆச்சிதான் ஓடிவருவாள். பால் கட்டி வலித்தாலும் எழுந்திருக்க மாட்டேன். நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு இதுவா என்று வெட்கம் வேறு. அப்பாதான் பஸ்ஸில் ஏற்றி மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். போட்ட அன்றைக்கே ஒன்றும் மாறிவிடவில்லை. சில வாரம் கழித்து ஒரு நாள் ஆச்சி உன்னைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். "இங்க தாங்க" என்று நானே கை நீட்டினேன். ஆச்சி அடுப்படிக்குள் போய் அழுதாளாம். பிறகு மெல்ல மெல்லச் சரியானது. டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை மாத்திரையை விடவில்லை. இத்தனை வருஷமாக இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது, மனசு சரியில்லை, மனநல டாக்டரைப் பார்க்கணும் என்று நீயே சொல். எலும்பு டாக்டர்கள் எக்ஸ்ரேயைப் பார்க்கிற அளவுக்கு முகத்தைப் பார்ப்பதில்லை. கூச்சமாக இருந்தால் டியூட்டி சிஸ்டரிடம் சொல். அப்பாவிடம் சொன்ன அந்தச் சொல்லையும் மறைக்காமல் சொல். ராத்திரி அந்த நினைப்பு வந்தால் அப்பாவை எழுப்பு. தூங்கட்டும் என்று பாவம் பார்க்காதே. எனக்குப் போன் போடு. 14416, டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநல உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. இப்போதே போனில் பதிந்து வை.

மாமாவிடம் கடலை மிட்டாய் கொடுத்துவிட்டிருக்கிறேன். வியாழக்கிழமை சித்தி உன்னைப் பார்க்க மதுரைக்கு வருகிறாளாம். அவளிடம் மட்டும் இதெல்லாம் வாய் திறக்காதே. திரும்பிவரும் பஸ் சாத்தூர் தாண்டுவதற்குள் கோவில்பட்டி முழுக்கத் தெரிந்துவிடும்.

அம்மா