மட்டைப் பிடியைப் பார்த்தாயா தம்பி

பாளையங்கோட்டை
25.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆவணி பிறந்தும் காற்று ஓயவில்லை. மாடியில் ஒரு சேலை காயப்போட இரண்டு கிளிப் மாட்ட வேண்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் போன் செய்து, எடுத்த எடுப்பில் "யம்மா, கடைசியில தூக்கிட்டாங்கம்மா" என்று சொன்னாயே, எனக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு பதறிப்போனது. உன் ஆபீசில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்புறம்தான் சியாட்டில் மரினர்ஸ் பேஸ்பால் டீமின் மேனேஜர், அதாவது தலைமைக் கோச், ஸ்காட் செர்வைஸையும், அடிக்கப் பழக்குகிற ஹிட்டிங் கோச் ஜாரெட் டிஹார்ட்டையும் சேர்த்து வெளியே அனுப்பிய கதை என்று புரிந்தது. நீ அவ்வளவு சந்தோஷமாகப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அதே மூச்சில், செப்டம்பரில் சாஃப்ட்பால் தொடங்குவதற்குள் பாப்பாவின் கோச்சையும் மாற்றிவிடப் போவதாகச் சொன்னாய். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

டீமின் மேல் உனக்கு உள்ள ஆற்றாமை எனக்குப் புரியாமல் இல்லை. மே மாதம் உங்களோடு அந்த மைதானத்தில் நானும்தானே உட்கார்ந்திருந்தேன். பந்து போடுகிறவர்கள் உயிரைக் கொடுத்துப் போடுகிறார்கள்; அடிக்கிற பையன்கள் ஒருவர் பின் ஒருவராக மூன்று தடவை பந்தைத் தவறவிட்டு, ஸ்ட்ரைக் அவுட் ஆகித் திரும்பி வருகிறார்கள். அப்படி ஸ்ட்ரைக் அவுட் ஆவதில் முதலிடத்தில் நிற்கிற டீம். ஜூன் நடுவில் தங்கள் பிரிவில் மற்ற டீம்களைவிட 10 மேட்ச் முன்னிலையில் இருந்தவர்கள், ஒரு மாதத்தில் அத்தனையையும் கரைத்துவிட்டு, செர்வைஸை அனுப்பிய அன்று 64 வெற்றி, 64 தோல்வி என்று நின்றார்கள். யாருக்குத்தான் கோபம் வராது?

ஆனால் ஒன்றை மறந்துவிட்டாய். மே மாதக் கடைசியிலேயே பேட்டிங் பொறுப்பில் இருந்த பிராண்ட் பிரவுன் என்பவரை அனுப்பிவிட்டார்கள். "இனிமே பாரும்மா" என்று அன்றைக்கும் சொன்னாய். பார்த்தேன். நியூயார்க் மெட்ஸ் டீம் 2021 மே மாதம் ஹிட்டிங் கோச் சில்லி டேவிஸைத் தூக்கிய கதையையும் நீதான் சொன்னாய். அந்த வருஷம் அவர்கள் 77 ஜெயித்து 85 தோற்றார்கள். அடுத்த வருஷம் வேறொரு கோச்சோடு 101 ஜெயித்தார்கள் என்று நீ சொல்லுவாய். உண்மைதான். ஆனால் அதற்குள் எத்தனை புது ஆட்களைக் காசு கொடுத்து எடுத்துவந்தார்கள்? அதில் கோச்சுக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது?

போடுகிறவன் கையில் இருந்து அடிக்கிறவன் வரைக்கும் உள்ள 60 அடி 6 அங்குலத்தைப் பந்து தாண்டி வர அரை செகண்டுகூட ஆகாது என்று மருமகள் கணக்குப் போட்டுக் காட்டினாளே, அந்த நேரத்தில் கோச் எங்கே நிற்கிறார்? கம்பி வேலிக்குப் பின்னால் நிற்கிறார். பத்துக்கு மூன்று தடவை ஒழுங்காக அடிக்கிறவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற விளையாட்டு அது. ஏழு தடவை தோற்கிற பையன் மனசு விட்டுப்போகாமல் மறுநாளும் காலை சரியாக ஊன்றி நிற்க வைப்பதுதான் அந்த மனுஷனுடைய வேலை. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும். அது ஸ்கோர்போர்டில் தெரியாது.

காற்றையும் சேர்த்துக்கொள். மே மாதம் நாம் போன அன்றைக்கு ஒருவன் அடித்த பந்து வெளியே போய்விட்டது என்று நாம் எழுந்தே விட்டோம். அது கடைசியில் வேலியோரம் சோர்ந்துபோய் ஒருவன் கையில் விழுந்தது. கடல் குளிர்ச்சி, இங்கே பந்து தூரம் போகாது என்று நீயே சொன்னாய். எனக்கு அது புதிது இல்லை. பூப்பந்தின் கம்பளிப் பந்து முப்பது கிராம்கூட இருக்காது. ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில், மேற்குப் பக்கம் பார்த்து அடிக்கிற பிள்ளை எவ்வளவு ஓங்கி அடித்தாலும் பந்து அவள் தலைக்கு மேலேயே சுற்றும். கயத்தாற்றில் காற்றாடி சுற்றுகிற காற்று அது. காற்றில் தோற்றுவிட்டு வந்தால் பள்ளிக்கூடத்தில் யாரும் காற்றைக் கேட்கமாட்டார்கள்.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் பெண்பிள்ளைகள் பூப்பந்து டீம் என் பொறுப்பில் இருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து ஜோன் மேட்ச்சிலேயே தோற்றோம். நான்காவது வருஷம் ஒரு நாள், எட்டாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தபோது ஆயாம்மா சர்க்குலர் நோட்டை நீட்டினாள். இனி டீமை வேறொரு டீச்சர் பார்ப்பார் என்று எழுதியிருந்தது. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, அதன் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. செர்வைஸுக்கும் நேரில் சொல்வதற்குள் செய்தி கசிந்து, போனில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாராம் என்று நீ சொன்னபோது, அந்த நீல அட்டை நோட்டு அப்படியே கண்முன் வந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு ஆளை அப்படி அனுப்பக் கூடாது தம்பி.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. எங்கள் டீமில் ஒல்லியாக ஒரு பிள்ளை இருந்தாள். கால் அவ்வளவு சுறுசுறுப்பு. ஆனால் வேகமாக வருகிற பந்தை எடுக்கும்போது மட்டும் மட்டை கையில் திரும்பிவிடும், பந்து வலையில் போய் விழும். "மணிக்கட்டை இறுக்குட்டி, இறுக்குட்டி" என்று இரண்டு வருஷம் கத்தினேன். புதிதாக வந்த டீச்சர் முதல் வாரமே அவள் மட்டையை வாங்கி, படியில் உட்கார்ந்து கைப்பிடியில் இருந்த துணி டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தார். நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இருந்து பார்க்கிறேன். ஒரு சுற்று, அதற்குள் வேர்வையில் கறுத்துப்போன இன்னொரு சுற்று, அதற்குள் இன்னொன்று. வருஷா வருஷம் பழசைப் பிரிக்காமல் மேலேயே சுற்றியது நான்தான். கடைசியில் மரம் தெரிந்தது. ஒரே சுற்று மெல்லிசாகப் போட்டுக் கொடுத்தார். அந்தப் பிள்ளையின் விரல் முதல் தடவையாகப் பிடியை முழுசாகச் சுற்றி வந்தது. அதற்கப்புறம் அவள் மட்டை திரும்பவில்லை.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னை நீக்கிய விதம் தப்பு. அதை இன்றைக்கும் சொல்வேன். ஆனால் இரண்டு வருஷமாக நான் பார்க்காததை அந்த அம்மா ஒரு வாரத்தில் பார்த்தார். அதுவும் உண்மை. அதனால் கோச்சை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தோற்றதற்குத் தண்டனையாக மாற்றினால் ஒன்றும் ஆகாது. புதிதாக வருகிறவர் உட்கார்ந்து டேப்பைப் பிரித்துப் பார்ப்பார் என்றால் மாற்றலாம்.

பழைய ஆட்டக்காரர் எட்கர் மார்டினஸை இப்போது ஹிட்டிங் கோச்சாகத் திரும்பக் கூப்பிட்டது நல்ல காரியம் என்று எனக்குத் தோன்றுவது அதனால்தான். மைதானத்துப் பக்கத்தில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறதே, பாப்பா போர்டைக் காட்டினாள். 1987 முதல் 2004 வரை அந்த ஒரே டீமில் ஆடி, .312 சராசரி, அதாவது பத்துக்கு மூன்றுக்கும் கொஞ்சம் மேலே, வைத்தவர். அதைவிட என் மனசில் நின்றது, அவருடைய இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்காத குறையோடு ஆடினார் என்று நீ சொன்னது. தினமும் கண்ணுக்குப் பயிற்சி செய்துவிட்டுத்தான் மட்டை பிடிப்பாராம். அப்படிப்பட்டவர், ஒரு பையன் பந்தைத் தவறவிட்டால் ஏன் தவறுகிறது என்றுதான் முதலில் பார்ப்பார் என்று நம்புகிறேன்.

இனி பாப்பா விஷயம். போன சீசனில் அவள் ஸ்ட்ரைக் அவுட் ஆன ஒவ்வொரு தடவையும் நீ கோச் பெண்ணைத்தான் முறைத்தாய். நான் பாப்பாவின் கையைப் பார்த்தேன். அந்த மட்டையை நீ எப்போது வாங்கினாய்? "வளர்ற பிள்ளைதானம்மா, ரெண்டு வருஷத்துக்கு வரும்" என்று சொல்லித்தானே பெரிசாக வாங்கினாய். உனக்கு யூனிபாரம் இரண்டு சைஸ் பெரிதாகத் தைத்துக் கொடுத்தவள் நான்; அந்தப் பழக்கம் என்னிடம் இருந்துதான் வந்திருக்கும். சட்டைக்கு அது சரி. அவள் அடிக்கத் தொடங்கும்போதே மட்டையின் முனை தொங்குகிறது. பந்து தாண்டிப் போன பிறகுதான் மட்டை வந்து சேருகிறது.

ஒரு காரியம் செய். அவளை நேராக நிற்கச் சொல்லி, மட்டையை ஒரு கையில் பிடித்துத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டச் சொல். இருபது எண்ணு. அதற்குள் கை நடுங்கினாலோ முனை கீழே இறங்கினாலோ, அது அவளுக்குக் கனம். பத்து நாள் சின்ன மட்டை ஒன்றை யாரிடமாவது கேட்டு வாங்கிக் கொடு. அந்தக் கோச் பெண்ணிடமே கேட்டாலும் தப்பில்லை. பாப்பா அவள் சொல்வதை ஓடி ஓடிக் கேட்கிறாள், அதை நான் பார்த்தேன்.

பிறகு ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. முன்னால் நின்று முகத்தை எடுக்காதே. பக்கவாட்டில் நின்று, கையும் காலும் தெரிகிற மாதிரி, மெதுவாக ஓடும்படி எடு. அப்பாவின் போனில் வேண்டாம், அதில் இடம் இல்லை. என் போனுக்கு அனுப்பு. ஆச்சி பார்த்துவிட்டுக் கூப்பிடுவேன் என்று பாப்பாவிடம் சொல்.

மருமகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அன்புடன்,
அம்மா