ஓட்டுக்கு என்ன ரேட் என்று கேட்ட நண்பனுக்கு

ஈரோடு,
2.11.2025

அன்புள்ள துரைக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு நான்கைந்து நாள் முன்னால் வந்தது. கடையில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே படித்துவிட்டேன். பதில் எழுத இப்போதுதான் கை ஒழிந்தது. வியாபாரம் பரவாயில்லை. நைட்டியும் லுங்கியும் ஓடின, பெட்ஷீட் தேங்கிவிட்டது. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப் போடாதே என்று வீட்டில் உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

கடைசிப் பத்தியில் ஒன்று கேட்டிருந்தாய். வருகிற 2026 சட்டமன்றத் தேர்தலுக்கு உங்கள் ஊரில் ஓட்டுக்கு என்ன ரேட் என்று பேச ஆரம்பித்துவிட்டார்களா என்று. ஆரம்பிக்காமல் இருப்பார்களா? மஞ்சள் மண்டியில் அன்றைய ரேட்டைப் பேசி முடித்துவிட்டு, அதே டீ கிளாஸோடு ஓட்டு ரேட்டுக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவர் ஆயிரம் என்கிறார், ஒருவர் ரெண்டுக்குக் குறையாது என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ரிடையர்டு வாத்தியார், "வாங்கற கையை வெட்டோணும்" என்று எழுந்து போனார். இந்த வாத்தியார் சொன்னதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். வாங்குகிறவனைத் திட்டுவது சுலபம். எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

2022 பிப்ரவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்ததே, அப்போது எங்கள் வீதியில் நடந்தது இது. ஓட்டுக்கு முந்தின நாள் ராத்திரி தெருவிளக்கு அணைந்தது. கரண்ட் போகவில்லை, வீடுகளில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, விளக்குக் கம்பங்கள் மட்டும் இருட்டு. யாரும் மின்வாரியத்துக்குப் போன் செய்யவில்லை. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரண்டு பையன்கள் வந்தார்கள். ஒருவன் கையில் வாக்காளர் பட்டியலின் ஜெராக்ஸ், காதில் பென்சில். இன்னொருவன் செல்போன் டார்ச்சை அந்தத் தாளில் அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். "ஏனுங்க்கா, உங்க வூட்ல நாலு ஓட்டுங்களா?" என்றான். எங்கள் வீட்டில் நாலுதான். சின்னவன் பெங்களூரில் இருக்கிறான், அன்றைக்கு வரவும் இல்லை. அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. "வராதவருக்கும் சேர்த்தே வெச்சிருக்குதுங்க்கா" என்று நாலு கவரை நீட்டினான்.

வேண்டாம் என்றாள் என் வீட்டுக்காரி. அவன் கோபப்படவில்லை, வற்புறுத்தவும் இல்லை. சரிங்க்கா என்று சிரித்துக்கொண்டே கவரைப் பையில் போட்டான். போட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து எங்கள் நாலு பேருக்கும் நேராக டிக் அடித்தான். நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கணக்குக் காட்ட வேண்டுமல்லவா? நாம் வேண்டாம் என்றால் அந்தக் காசு கட்சிக்குத் திரும்பிப் போவதில்லை, நடுவில் நிற்பவனுக்குப் போகிறது.

மூன்று மாதம் கழித்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. சாயப்பட்டறை டையிங் தண்ணியும் சேர்ந்து வருகிற சாக்கடை, நாற்றம் உனக்குத் தெரியாததில்லை. நாலைந்து பேராகக் கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். பேசிக்கொண்டே இருந்தவர், கொஞ்சம் குரல் உயர்ந்ததும் என்னைப் பார்த்து, "உங்க வூட்டுக்கு நாலு வந்துச்சுங்களே, லிஸ்ட்ல இருக்குதே" என்றார். சும்மா, சிரித்த முகமாகத்தான். நாங்கள் வாங்கவே இல்லை என்று நான் சொன்னதை அங்கே யார் நம்புவார்கள்? என்னோடு வந்தவர்கள் முகமே மாறிவிட்டது, ஏனென்றால் அவர்கள் வாங்கியிருந்தார்கள். பேச்சு அதோடு நின்றது. சாக்கடையைக் கடைசியில் வீதிக்காரர்களே ஆளுக்கு இருநூறு போட்டு ஆள் வைத்து எடுத்தோம்.

துரை, ஜனங்களுக்கு எரிச்சல் எங்கே வருகிறது தெரியுமா? ஆயிரம் ரூபாய் வந்ததிலோ வராததிலோ இல்லை. அந்த ஆயிரத்தோடு கேட்கிற வாய் அடைபட்டுப் போவதில்தான். அதைச் சொல்லவும் முடிவதில்லை, ஏனென்றால் வாங்கியிருக்கிறார்கள்.

அதே தேர்தலில் நம்மோடு பத்தாவது படித்த தறிக்காரர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். பெயர் வேண்டாம், உனக்கே தெரிந்துவிடும். வீதி வீதியாக நடந்தார். சாக்கடை, குடிதண்ணி, ரேஷன் கடை நேரம், இது மூன்றைத்தான் நோட்டீஸில் அடித்திருந்தார். நல்ல வரவேற்பு. பெண்களெல்லாம் "உங்களுக்குத்தானுங்கண்ணா" என்றார்கள், பொய்யாகவும் சொல்லவில்லை. ஓட்டு எண்ணினபோது டெபாசிட் போய்விட்டது. பிறகு ஒரு அம்மா அவரிடமே வந்து வருத்தப்பட்டிருக்கிறார்: "உங்களுக்குப் போடோணும்னுதானுங்கண்ணா இருந்தோம். விளக்கு மேல கை வெச்சு வாங்கிட்டோமுங்களே, மாத்திப் போட்டா ஆகுமுங்களா?" இன்னொரு வீட்டில் இரண்டு பக்கமும் வாங்கியிருந்தார்கள். யாருக்கும் துரோகம் பண்ணக்கூடாது என்று ரெண்டு ஓட்டு இங்கே, ரெண்டு ஓட்டு அங்கே என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வாங்கின காசுக்கு இவ்வளவு நாணயமாக நடக்கிற ஜனங்களைக் கையை வெட்டோணும் என்று எப்படிச் சொல்வது?

ரெண்டு பக்கமும் கொடுத்தால் கணக்குச் சமமாகிவிடுகிறது என்பது ஓரளவு உண்மைதான். அப்புறம் எதற்குக் கொடுக்கிறார்கள்? கொடுக்காதவன் ஆட்டத்திலேயே இல்லை, அதற்காக. நம் தறிக்காரர் தோற்றது ஓட்டுச்சாவடியில் இல்லை. கவர் போட வசதியில்லாமல் மனுத்தாக்கல் செய்தாரே, அன்றைக்கே முடிந்துவிட்டது. யார் ஜெயிப்பது என்பதைவிட, யார் நிற்கவே முடியும் என்பதைத்தான் பணம் தீர்மானிக்கிறது. கட்சிக்காரர்களுக்கும் இதே கதிதான். இருபது வருடம் போஸ்டர் ஒட்டினவன் சீட் கேட்டு நேர்காணலுக்குப் போனால், எவ்வளவு செலவு பண்ணுவாய் என்பதுதான் முதல் கேள்வி என்று அவர்களே சொல்கிறார்கள்.

சட்டப்படி சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக்கூடாது. எங்கள் ஈரோடு கிழக்கில் 2025 இடைத்தேர்தலின்போது சுமார் 2.27 லட்சம் வாக்காளர்கள். வகுத்துப் பார்த்தேன், தலைக்குப் பதினேழு பதினெட்டு ரூபாய் வருகிறது. ஒரு டீ குடிக்கலாம். மேடை, வண்டி, பெட்ரோல், நோட்டீஸ் எல்லாம் அதற்குள் அடக்கம். தேர்தல் முடிந்ததும் வேட்பாளர்கள் இந்த வரம்புக்குள் கணக்குக் கொடுக்கிறார்கள், தேர்தல் ஆணையம் வாங்கி வைத்துக்கொள்கிறது.

உன் தொகுதியையே எடுத்துக்கொள். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலை ஓட்டுப்பதிவுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது ரத்து செய்தார்கள். வருமான வரிச் சோதனையில் 89 கோடி ரூபாய் பட்டுவாடாவுக்கான கணக்குத் தாள் சிக்கியதாகச் செய்தி வந்தது. டிசம்பரில் மறுபடி வைத்தபோது பின்னால் பணம் தருவதற்கு 20 ரூபாய் நோட்டையே டோக்கனாகக் கொடுத்ததாகப் புகார், ஜெயித்த தரப்பு மறுத்தது. அதற்கு முன்னால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2019-ல் வேலூர், அது நாடாளுமன்றத் தொகுதி. எல்லாம் பணத்துக்காக ரத்தானவை. இந்த நாலு இடத்திலும் திரும்பத் தேர்தல் வந்தபோது முக்கியமாக மோதியவர்கள் யார் என்று நினைவிருக்கிறதா? அதே ஆட்கள். தேர்தலை நிறுத்தினார்கள், தேர்தலில் நின்றவர்களை நிறுத்தவில்லை. கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் ஒரு வருடம் வரை சிறை என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் எங்களை நிறுத்துகிறார்கள். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து, ரசீது இல்லாமல் 50,000-க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். நம் ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை ராத்திரி தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். கேரளாவிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் வருகிறவர்கள் பாதிப் பேர் இன்றைக்கும் ரொக்கம்தான். 2023 தொடக்கத்தில் இடைத்தேர்தல், 2024-ல் நாடாளுமன்றத் தேர்தல், 2025 தொடக்கத்தில் மறுபடி இடைத்தேர்தல் என்று எங்கள் ஊருக்கு அடி மேல் அடி. பாலக்காட்டிலிருந்து வழக்கமாக வருகிற பார்ட்டி ஒருவர் 72,000 ரூபாயோடு பிடிபட்டார். சின்னக் கடைக்காரர், நாலைந்து பேரிடம் வசூல் பண்ணிக்கொண்டு வந்த பணம். ரசீது எங்கே என்றால் அவர் எங்கே போவார்? கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்து காகிதம் காட்டி வாங்குவதற்குள் சந்தை முடிந்துவிட்டது. அந்த வாரம் அவருக்குப் போட வேண்டிய நூறு டஜன் துண்டு எங்கள் கடையிலேயே கிடந்தது. பட்டுவாடாப் பணம் மட்டும் எந்த ரோட்டில் வருகிறதோ! தேர்தல் அறிவிப்பதற்கு முன்பே வந்து இறங்கிவிடுகிறது என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.

இதெல்லாம் கீழே நடப்பது. மேலே நடந்ததைப் பார். கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கத் தேர்தல் பத்திரம் என்று 2018-லிருந்து வைத்திருந்தார்களே, ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால் 15 நாளுக்குள் கட்சி மாற்றிக்கொள்ளும். யார் யாருக்குக் கொடுத்தார் என்று நாம் தெரிந்துகொள்ள வழியே கிடையாது. அதற்கு முந்தின வருடமே, கம்பெனிகள் லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று செல்லாது என்றது. விவரத்தைக் கொடு என்றால் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. தேர்தலே முடிந்துவிடுமே! நீதிமன்றம் மறுத்து, மறுநாளே கொடு என்றதும் கொடுத்துவிட்டார்கள். ஆயிரம் ரூபாய் கொடுக்கிறவனிடம் யாருக்குக் கொடுத்தோம் என்று வீட்டு நம்பரோடு பென்சில் கணக்கு இருக்கிறது. ஆயிரம் கோடிக்கு அந்தக் கணக்கு நம் கண்ணில் படக்கூடாது என்று சட்டமே போட்டு வைத்திருந்தார்கள்.

பாஜகவுக்குத்தான் எல்லோரையும்விட அதிகம், 6,000 கோடிக்கு மேல். பத்திரம் வாங்கினவர்களில் முதலிடம் நம் கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனிக்கு, 1,368 கோடி. அதில் 509 கோடி திமுகவுக்கு வந்தது, அந்தக் கட்சியே ஆணையத்திடம் சொன்ன கணக்கு. 2003-லிருந்து தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்கத் தடை. நீயும் நானும் ஒரு ரூபாய்ச் சீட்டுக்கூட வாங்க முடியாது.

உன் மார்க்சிஸ்ட் கட்சி பத்திரமே வாங்காமல், அதை எதிர்த்து வழக்கும் போட்டது, மறுக்கவில்லை. பெருமைப்பட்டு எழுதியிருந்தாய். ஆனால் 2019 தேர்தலில் திமுக உன் கட்சிக்கு 10 கோடியும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் கொடுத்ததே, கணக்கிலும் காட்டியதே, அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. சட்டப்படி குற்றமில்லை, ஒளிக்கவும் இல்லை. இருந்தாலும் துறைமுகத்தில் உண்டியல் குலுக்கின உனக்கு அது எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுது.

எங்கள் ஊர் இடைத்தேர்தல்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, டிவியில் பார்த்திருப்பாய். 2023-ல் ஓட்டர்களைப் பந்தல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் சொல்லின, ஆளுங்கட்சி இல்லை என்றது. 2025 பிப்ரவரியில் அதிமுகவும் பாஜகவும் புறக்கணித்துவிட்டன. அந்தத் தேர்தலில் நோட்டாவுக்கு மட்டும் 6,000 ஓட்டுக்கு மேல். வரிசையில் நின்று, மை வைத்துக்கொண்டு, யாரும் வேண்டாம் என்று பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அவர்களில் ரெண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். ஒருத்தி எங்கள் கடையில் மடிப்பு வேலை செய்கிற பெண். ஏன் என்று கேட்டேன். "போடாம உட்டா நம்ம ஓட்டை வேற யாராச்சும் போட்டுருவாங்கல்லங்க" என்றாள். வேறு பெரிய காரணம் எதுவும் அவள் சொல்லவில்லை.

வருகிற தேர்தலில் நம் தறிக்காரர் நிற்பாரா என்று கேட்டுப் பார்த்தேன். சட்டமன்றத்துக்கா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு யோசிக்கிறாராம். இந்த முறை நோட்டீஸ் செலவு என்னுடையது என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடமும் ஒரு பங்கு கேட்பேன்.

அப்புறம், உன் மருமகன் கோடைச் சரக்கு எடுக்க வருவதாக எழுதியிருந்தாய். பிப்ரவரி கடைசிக்குள் வந்துவிட்டுப் போகச் சொல். தேர்தல் அறிவிப்பு வந்தபிறகு வருவதானால் ரொக்கம் கொண்டுவர வேண்டாம், இங்கே வந்து பேங்க் வழியாகப் போட்டால் போதும். அப்படியே ரொக்கம் கொண்டுவந்தாலும் பேங்கில் எடுத்த சீட்டும் கடையின் ஜிஎஸ்டி காகிதமும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் வைத்துவிட்டு ரோட்டில் தேட வேண்டாம். நம் வீட்டில்தான் தங்க வேண்டும், லாட்ஜ் எல்லாம் கூடாது.

அன்புடன்,
ராசு