ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய கார்: பாகத்தை மாற்றும் முன் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர், தன் பழைய பெட்ரோல் கார் ஓடும்போதே ஆஃப் ஆகிவிடுவதாகவும், அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் தானாக ஸ்டார்ட் ஆவதாகவும் எழுதியிருந்தார். பேட்டரி, ஃபியூல் பம்ப், பிளக் மூன்றையும் மாற்றிப் பார்க்கும்படி பதில் வந்திருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. விட்டுவிட்டு வரும் பழுதில், பாகம் மாற்றியபின் நாலு நாள் வண்டி ஒழுங்காக ஓடியது என்பதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. மாற்றாவிட்டாலும் அந்த நாலு நாள் ஓடியிருக்கும். வண்டி நின்றுகிடக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பழுது கையில் சிக்கும். அப்போது எதைப் பார்ப்பது என்பதைத்தான் வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலில், எப்படி நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். இழுவை குறைந்து, திக்கித் திணறி, ஜெர்க் அடித்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வரத்தில் குறை. சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றால் மின்சாரத்தில் குறை. டாஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்து செத்துப்போனால் பேட்டரி டெர்மினல், பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் எர்த் பட்டை, இக்னிஷன் சுவிட்ச் ஆகியவற்றைப் பார்க்கலாம். என்ஜின் ஓடும்போது சாவியை லேசாக ஆட்டினால் விளக்குகள் மினுங்குகின்றனவா என்று பார்த்தாலே, தேய்ந்த சுவிட்ச் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கனமான சாவிக்கொத்து தொங்கும் வண்டிகளில் இது அதிகம்.

ஆர்பிஎம் (என்ஜின் சுழலும் வேகம்) காட்டும் முள் இருக்கும் வண்டி என்றால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது என்ஜின் இன்னும் சுழன்றுகொண்டுதான் இருக்கும். அந்த நேரத்தில் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் கிராங்க் சென்சாரின் (என்ஜின் தண்டு சுழல்வதைக் கண்டறியும் உணரி) சிக்னலோ, காயிலுக்கு (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் சுருள்) போகும் கரண்டோ அறுந்திருக்கிறது. வேகம் குறையக் குறைய முள்ளும் மெல்ல இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

அந்த வாசகர் சொன்ன 'அரை மணி நேரம்' என்பதே பெரிய தடயம். சூடேறினால் அறுந்து, ஆறினால் ஒட்டிக்கொள்ளும் பாகம் எது என்பதுதான் கேள்வி. இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார்மேல் விழ வேண்டும். இரண்டு வயர் கொண்ட வகையில், உள்ளே முடிபோன்ற மெல்லிய கம்பிச்சுற்று இருக்கிறது. வருடக்கணக்கில் வெந்து விரிசல் விட்ட சுற்று, சூட்டில் விரிந்து தொடர்பறுகிறது. ஆறிய வண்டியில் மல்டிமீட்டர் வைத்தால் பல மாடல்களில் சில நூறு ஓமிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை காட்டி, 'நன்றாக இருக்கிறது' என்று நம்பவைத்துவிடும். நின்ற உடனே சென்சாரின் வயர் கனெக்டரைக் கழற்றி அளக்க வேண்டும். முடிவிலி காட்டினால் பழுது அதுதான். சென்சார்மேல் ஈரத்துணி வைத்து ஆற்றியதும் வண்டி எடுத்தால் இன்னொரு சாட்சி. மூன்று வயர் கொண்ட, கம்பிச்சுற்றுக்குப் பதில் சிப் உள்ள ஹால் வகையை ஓம் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. அதற்கு வரும் சப்ளை வோல்ட்டையும், செல்ஃப் சுற்றும்போது சிக்னல் ஏறி இறங்குவதையும் பார்க்க வேண்டும். செக் என்ஜின் விளக்கு எரியவில்லையே என்று சென்சாரை விட்டுவிடக் கூடாது. பழைய இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) பலவற்றுக்குச் சிக்னல் வராததும் என்ஜின் நின்றிருப்பதும் ஒன்றுதான், பழுதுக் குறியீடு பதிவாகாது.

டிஸ்ட்ரிபியூட்டர் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் பாகம்) உள்ள வண்டியில் சூட்டில் இதே தொல்லையைத் தருவது இக்னிஷன் மாட்யூல் (காயிலை இயக்கும் மின்னணுப் பாகம்). அதன் அடியில் தடவும் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால் புது மாட்யூலும் சீக்கிரம் போய்விடும். மாட்யூலுக்குப் பதில் திறந்து மூடும் தொடுமுனைகள் கொண்ட, இன்னும் பழைய பாயிண்ட் செட் வண்டிகளில் கண்டன்சரைப் பாருங்கள். சுமார் 0.2 முதல் 0.3 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய அது, சூட்டில் கசியத் தொடங்கினால் தீப்பொறி வலுவிழந்துபோகும்.

எந்தச் சந்தேகமும் உறுதியாகாதபோது நாங்கள் கையாளும் வழி இரண்டு டெஸ்ட் லேம்ப். 12 வோல்ட், 5 வாட்டுக்குள் இருக்கும் சிறு பல்புகள் போதும். ஒன்றைக் காயிலின் பிளஸ்ஸிலும் இன்னொன்றை ஃபியூல் பம்பின் பிளஸ்ஸிலும் இணைத்து, மறுமுனைகளை எர்த்தில் கொடுத்து, பல்புகளை டாஷ்போர்டில் ஓட்டுநர் பார்வையை மறைக்காமல் ஒட்டிவைக்க வேண்டும். வயர் எடுக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றுக்கும் 2 ஆம்பியர் ஃபியூஸ் அவசியம். சூடான பாகங்களிலும் ஃபேனிலும் படாமல் வயரைக் கட்டுங்கள். வண்டி ஆஃப் ஆகி உருளும் அந்தச் சில நொடிகளில் பக்கத்தில் இருப்பவர் பல்புகளைப் பார்க்கட்டும். இரண்டும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச், மெயின் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்ச்), மெயின் ஃபியூஸ். இரண்டும் எரிந்தால் காயில், மாட்யூல், பம்ப் மோட்டார், ஃபில்டர். பம்ப் பல்பு மட்டும் அணைந்தால் உடனே பம்ப் ரிலேவைக் குற்றம்சாட்டாதீர்கள்: கிராங்க் சிக்னல் போனாலும் இசியு பம்பை நிறுத்திவிடும். முள்ளும் சேர்ந்து விழுந்ததா என்பதுதான் இரண்டையும் பிரித்துக்காட்டும். முள் இல்லாத வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது தீப்பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் ரிலே பக்கம், வராவிட்டால் சென்சார் பக்கம்.

ரிலேக்கு ஒரு தனிக் குணம் உண்டு. வெயிலில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாமல், கதவைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனால் டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் பம்ப் ரிலேவின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பின்களைச் சுற்றியுள்ள ஈயத்தில் வளையமாக மெல்லிய விரிசல் தெரியும். மறுபடி சால்டர் வைத்தாலே சரியாகிவிடும். சாவியை ஆன் செய்ததும் பம்ப் சுமார் இரண்டு நொடி ரீங்கரிப்பது இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் இயல்பு. சத்தமே இல்லையென்றால், வழக்கமான எண்கள் போட்ட ரிலேயாக இருந்தால், சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் ஃபியூஸ் வைத்த வயரால் இணையுங்கள். பம்ப் ஓடினால் பம்பில் குறையில்லை. ரிலேயோ அதைக் கட்டுப்படுத்தும் வயரோதான்.

பம்ப் ஓடுவது மட்டும் போதாது, பிரஷர் வர வேண்டும். மல்டிபாயிண்ட் (சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர்) வண்டிகளில் பொதுவாக 2.5 முதல் 3 பார். சிங்கிள் பாயிண்டில் (எல்லாவற்றுக்கும் ஒரே இன்ஜெக்டர்) 1 பார் அளவுதான். மேட்டில் ஏறும்போது பிரஷர் கேஜ் சரிந்தால் ஃபில்டரையும் டேங்க் உள்ளிருக்கும் வலையையும் பாருங்கள். காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது, சாவியை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்தபின் உடனே எடுக்கிறது என்றால் இரவில் பிரஷர் இறங்கிவிடுகிறது. வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறக்கும்போது பலமாகக் காற்று உள்ளிழுக்கும் சத்தம் கேட்டால் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. இந்தக் கடைசிக் குறைக்காகப் பம்ப் மாற்றப்பட்ட வண்டிகள் ஏராளம்.

செல்ஃப் எடுக்காமல் போவது வேறு பழுது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹெட்லைட் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கினால் பேட்டரி அல்லது டெர்மினல். மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கும் மின்காந்த சுவிட்சான சோலனாய்டுக்கு வரும் சிறு வயர், ஸ்டார்ட்டர் ரிலே, ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரல் சுவிட்ச். நன்றாக ஏறிய பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது, ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. செல்ஃப் அடிக்கும்போதே பேட்டரி மைனஸுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே அளந்து 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால், களிம்பேறிய எர்த் வயர்தான் காரணம். புது பேட்டரி போட்டும் தீராத தொல்லைக்கு இது மிகச் சாதாரணமான விடை.

ஓடும்போது வண்டி நின்றால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அழுத்திப் பிடித்தபடியே ஓரங்கட்ட வேண்டும். ஸ்டியரிங் கனக்கும். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை எடுக்கவே கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

தங்கள் பதிலில் இருந்த ஒரு வரியை மட்டும் அவசியம் திருத்தி வெளியிட வேண்டுகிறோம். பிளக் வயரைக் கழற்றிக் கையில் பிடித்துத் தீப்பொறி பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். எலக்ட்ரானிக் இக்னிஷனில் அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் வரலாம். பேஸ்மேக்கர் வைத்தவருக்கு அது உயிராபத்து. தீப்பொறி பாய வழியில்லாவிட்டால் காயிலும் மாட்யூலும் எரியலாம். எர்த்தில் கவ்வும் ஸ்பார்க் டெஸ்டரை, பெட்ரோல் ஆவி இல்லாத இடத்தில் மாட்டி, கையை எடுத்துக்கொண்டபின்தான் செல்ஃப் அடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கார் மின்பழுது பார்க்கும் மெக்கானிக்குகள்