மேல்நிலை வகுப்புகளில் காட்சிக் கலையை உயர்நிலைப் பாடமாகத் தொடங்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஓவிய ஆசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பள்ளிக்கல்வித் துறை.

பொருள்: 11, 12ஆம் வகுப்புகளில் காட்சிக் கலையை முழு மதிப்பெண்ணுள்ள விருப்பப் பாடமாகத் தொடங்கவும், இரண்டாண்டுப் படைப்புத் தொகுப்பை வைத்து அதை மதிப்பிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை ஓவியத்துக்கென்று ஒரு பாடவேளை இருக்கிறது. தேர்வு நெருங்கினால் அதுவும் கணக்குக்கோ அறிவியலுக்கோ போய்விடும். பதினொன்றாம் வகுப்பில் அந்த ஒன்றும் இல்லை. கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு அடுத்து நுண்கணிதம் காத்திருக்கிறது. வரைவதில் தேறிவரும் பிள்ளைக்கு அடுத்த படி எதுவும் இல்லை. கை பழகி, கண் கூர்மையாகும் வயதில் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லிவிடுகிறோம். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் இம்மனுவை எழுதுகிறேன்.

ஓவியத்தில் உயர்நிலைப் படிப்பு என்று தனியாக என்ன இருக்கிறது என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இடது கையைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். ஐந்து விரலையும் விரித்து, நகங்களை அழகாகப் போட்டுக் கொடுப்பான். அது பார்த்து வரைந்த கை அல்ல, கை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் பதிந்திருக்கும் கை. நம்மை நோக்கி நீளும் விரல் கண்ணுக்குக் குட்டையாகத்தான் தெரியும். அதை அப்படியே குட்டையாக வரைய மனம் லேசில் ஒப்பாது. விரலை விட்டுவிட்டு, இரண்டு விரல்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் வரையச் சொன்னால், விரல் தானாக வந்து அமையும். அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஆனால் இது அடிப்படைதான். கண் இப்படித் திறந்த பிறகு, எதை வரைவது, ஏன் வரைவது என்ற கேள்விகள் வருகின்றன. உயர்நிலைப் படிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

பள்ளி நேரம் முடிந்த பிறகு என்னிடம் வரும் மாணவி ஒருத்தி தன் அம்மாவின் தையல் இயந்திரத்தை வரையத் தொடங்கினாள். முதலில் சக்கரமும் ஊசியும் உள்ளபடியே வந்தன. பிறகு இயந்திரம் படத்தை விட்டுப் போய், துணியைத் தள்ளும் கை மட்டும் கரித்துண்டில் வந்தது. அப்புறம் ஒருநாள், வண்ணமே இல்லாமல் காகிதத்தில் நூலால் தைத்துக் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். காகிதம் கிழிந்த இடத்தையும் தைத்திருந்தாள். யாரும் சொல்லித் தராமல் ஒரு கேள்வியை விடாமல் பின்தொடர்ந்த பிள்ளை அவள். இந்த உழைப்புக்கு அவளுடைய மதிப்பெண் பட்டியலில் இடமே இல்லை.

இப்படிப்பட்ட உழைப்பையே பாடமாக வைத்திருக்கும் முறைகள் உலகில் இருக்கின்றன. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரி நிலைப் பாடங்களைப் பள்ளியிலேயே படிக்க வழிசெய்யும் ஏபி (Advanced Placement) திட்டத்தின் கலை, வடிவமைப்புப் பாடத்தில் மூன்று மணி நேரத் தேர்வு கிடையாது. மாணவர் தாமே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதைத் தொடர்ந்து ஆராய்ந்ததைக் காட்டும் 15 படங்களைத் தர வேண்டும். முடிந்த ஓவியங்கள் மட்டுமல்ல, இடையில் செய்து பார்த்தவையும் அந்தப் படங்களில் இடம்பெறலாம். அதற்கு 60 விழுக்காடு. தேர்ந்தெடுத்த 5 படைப்புகளுக்கு 40 விழுக்காடு. என்ன தேடினேன், எங்கே மாற்றினேன் என்று சுருக்கமாக எழுதியும் தர வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன், சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஓவியப் பாடத்திலேயே எழுத்துத் தேர்வுக்கு 30, செய்முறைக்கு 70 மதிப்பெண். அந்த 70-க்குள் படைப்புத் தொகுப்புக்கும் பங்கு உண்டு.

தொகுப்பை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. ஓவியர் பிக்காசோ 1937-இல் போரின் கொடுமையைக் காட்டும் குவெர்னிக்கா ஓவியத்தை வரைந்தபோது, அதற்கான முன்வரைவுகளில் தேதி போட்டு வைத்தார். புகைப்படக் கலைஞர் டோரா மார் அந்த ஓவியம் வளர்ந்த நிலைகளைப் புகைப்படம் எடுத்தார். குதிரையின் தலை எப்படித் திரும்பியது, உயர்ந்து நின்ற கை எப்படி மறைந்தது என்று இன்றைக்கும் நாம் பார்க்க முடிகிறது. படிக்கிறவருக்கு முடிந்த ஓவியத்தைவிட இந்தத் தடம் அதிகம் கற்றுத்தருகிறது. என் மாணவர்களின் வரைவேடுகளிலும் அதே தடத்தைப் பார்க்கிறேன். தேர்வு அறையில் அவசரமாகப் போட்டு முடிக்கும் ஒரு படத்தில் அது தெரியாது.

ஆளுக்கு ஆள் ரசனை மாறுமே, மதிப்பெண் எப்படிப் போடுவது என்ற ஐயம் தங்களுக்கு எழலாம். நியாயமான கேள்விதான். அளவுகோலை முன்கூட்டியே எழுதி வெளியிட்டு, சொந்த ஆசிரியர் அல்லாத இருவரைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லலாம். இருவருக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் மூன்றாமவர் பார்க்கட்டும். வேறு யாராவது வரைந்து கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் தேதியிட்ட வரைவேடுதான் காவல். செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் படம் போட்டுத் தரும் காலத்தில் இது இன்னும் அவசியம். ஏபி பாடத்தில் படைப்பின் எந்தக் கட்டத்திலும் அந்தக் கருவிகளைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. நாமும் அப்படியே விதி வைக்கலாம்.

செலவைப் பற்றிப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. ஓவியரும் கலை ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் வண்ணப்பாடம் நடத்தியது பெரும்பாலும் வண்ணக் காகிதத் துண்டுகளை வைத்துத்தான். ஒரே சாம்பல் நிறத் துண்டை மஞ்சள் மீதும் கருநீலம் மீதும் வைத்தால் இரண்டு வேறு நிறமாகத் தெரியும். கத்தரிக்கோலும் பசையும் இருந்தால் இந்தப் பாடத்தை நடத்திவிடலாம். நேரம் இல்லாமல்தான் எதுவும் நடப்பதில்லை. ஒற்றைப் பாடவேளையில் தண்ணீர் எடுத்து, வண்ணம் கரைத்து, உட்கார்ந்ததும் மணி அடித்துவிடுகிறது.

ஆகவே, தொடர்ச்சியான இரண்டு பாடவேளைகளாக வாரத்தில் மூன்று முறையாவது நேரம் ஒதுக்கி, இப்பாடத்தை வரும் கல்வியாண்டில் முதற்கட்டமாகச் சில பள்ளிகளில் தொடங்க ஆணையிடும்படி வேண்டுகிறேன். அந்தப் பள்ளிகளில் தண்ணீர்க் குழாயும், ஈரப் படங்களை உலரவைக்க அலமாரியும் உள்ள ஓர் அறை வேண்டும். நுண்கலைப் பட்டம் பெற்ற ஆசிரியர் ஒருவரை முழுநேரப் பணியிடத்தில் நியமிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதில் வாங்கும் மதிப்பெண்ணை மற்றப் பாடங்களுக்கு இணையாக மொத்த மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். அது சேராவிட்டால் எந்தப் பெற்றோரும் பிள்ளையை இந்தப் பாடத்துக்கு அனுப்ப மாட்டார்கள். கட்டடக்கலை, அசைவூட்டம், ஆடை வடிவமைப்பு என்று மேற்படிப்புக்கும் வழி இருப்பதை அவர்களிடம் நாங்கள் எடுத்துச் சொல்லிக்கொள்கிறோம்.

பாடத்திட்ட வரைவையும் மதிப்பீட்டு அளவுகோலின் மாதிரியையும் தயாரித்து இத்துடன் இணைத்துள்ளேன். தாங்கள் நேரம் ஒதுக்கினால், மாணவர்களின் வரைவேடுகளுடன் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓவிய ஆசிரியர்