சித்தப்பாவுக்கு ஒரு ஸ்பீக்கர் விவகாரம்

ஹாரிஸ்பர்க்,
பென்சில்வேனியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தி, பிள்ளைகள் எல்லோரும் சுகம்தானே? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. குப்பை கொட்டப் போவதற்குக்கூட ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் 1967 மாடல் செவ்ரோலே கமாரோ கார் வைத்திருக்கிறார் என்று போனில் சொன்னேனே, அதிலேயே வந்த டெல்கோ கம்பெனி ரேடியோ பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. திறந்து பார்த்தேன். எந்தப் புண்ணியவானோ பழைய ஸ்பீக்கரைக் கழற்றி எறிந்துவிட்டு 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறார். அந்த ரேடியோவுக்கு வேண்டியது 10 ஓம். ஓம், அதாவது மின்தடை, குறைந்தால் ரேடியோவின் டிரான்சிஸ்டர் சூடேறும். அதிலும் பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் சூடேறினால் கருகியே போகும், ரிப்பேர் கடைக்காரர் உங்களுக்கா சொல்ல வேண்டும்? நல்லவேளை, டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் பியூஸ் மாதிரிக் காவல் இருக்கும் ரெசிஸ்டரோடு போயிற்று. அதை மாற்றிவிட்டேன்.

ஸ்பீக்கருக்குத்தான் அலைச்சல். டேஷ்போர்டுக்குள், முன்கண்ணாடிக்கு நேர் கீழே உட்காரும் 4க்கு 10 இன்ச் நீள்வட்ட சைஸ். வெயில் பட்டுப் பட்டு அதன் காகிதக் கோன் அப்பளமாகிவிடும். புதிதாக 10 ஓமில் செய்தும் விற்கிறார்கள். பெரியவர் வேண்டாம் என்கிறார். அசல்தான் வேண்டுமாம்.

அக்டோபரில் பக்கத்து ஊர் ஹெர்ஷியில் பழைய கார் சந்தை கூடும். சாக்லேட் கம்பெனி ஊர், தெருவிளக்குகூட சாக்லேட் வடிவம்தான்! சந்தையோ நம் மாட்டுத்தாவணி தோற்கும், அவ்வளவு பெரிசு. அங்கே ஒருவர் ஒரு ஸ்பீக்கரில் '8 ஓம்' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தார். ஓம் அளக்கும் மீட்டர் வைத்தேன், எட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. ஸ்பீக்கரின் கம்பிச் சுருள் மீட்டரில் சொன்ன அளவைவிடக் குறைவாகத்தான் காட்டும், 10 ஓம் என்றால் அப்படித்தானே! 8 ஓம் என்றால் ஆறரைக்குள் நின்றிருக்கும். பேசாமல் பேரம் பேசி வாங்கிவிட்டேன். ஸ்பீக்கர் கூண்டில் அடித்திருந்த தயாரிப்பு எண்ணில் ஆண்டு 7, வாரம் 14. ஆண்டுக்குக் கடைசி இலக்கம் மட்டும்தான் போடுவார்கள், 57ஆ 67ஆ என்று ஸ்பீக்கரின் தோற்றத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இது 67தான். கார் தயாரானதற்குக் கொஞ்சம் முந்திய தேதி என்பதால் பெரியவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

ஒரே குறை, ஓரத்தில் கோன் கிழிந்திருக்கிறது. டிஷ்யூ பேப்பர் வைத்து வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து தடவு என்கிறார்கள் இங்கே. நீங்கள் கடையில் எதைத் தடவுவீர்கள்? பசை கெட்டியானால் சத்தம் அடைத்துவிடாதா? அடுத்த தடவை போன் பேசும்போது சொல்லுங்கள், அதுவரை தொடமாட்டேன்.

சித்தியின் முழங்கால் வலிக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
முருகேசன்