ஹேவ், ஹேஸ், ஹேட்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

மீட்டிங்கில் ஆங்கிலத்தில் 'இருக்கிறது' என்று சொல்ல ஹேவ் வருமா, ஹேஸ் வருமா என்று நீ யோசிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது என்றாய். போனில் சொல்லித் தீராது, அதனால் எழுதுகிறேன்.

தமிழில் 'எனக்குத் தம்பி இருக்கிறான்', 'தங்கை இருக்கிறாள்', 'என்னிடம் பேனா இருக்கிறது' என்கிறோம். தம்பி, தங்கை, பேனா என்று எது இருக்கிறதோ அதைப் பார்த்து வினை மாறுகிறது. ஆங்கிலத்தில் யாருக்கு இருக்கிறதோ அவர்தான் எழுவாய். ஐ ஹேவ் எ பிரதர், ஷீ ஹேஸ் த்ரீ பிரதர்ஸ். தம்பி ஒருவனா மூவரா என்பது வினைக்கு ஒரு பொருட்டே இல்லை. தடுமாற்றம் இங்கேதான் தொடங்குகிறது. அதனால் வாக்கியத்தை ஆளிலிருந்து தொடங்கிப் பழகு. ஹீ, ஷீ, இட், ஒருமைப் பெயர் என்றால் ஹேஸ், மற்றதற்கெல்லாம் ஹேவ். முடிந்துபோன காலம் என்றால் எல்லாருக்கும் ஹேட். எவ்ரிஒன் மட்டும் ஏமாற்றும்: பொருளில் எல்லாரும் என்றாலும் இலக்கணத்தில் அது ஒருமை, எவ்ரிஒன் ஹேஸ் எ லேப்டாப்.

கேள்வியிலும் மறுப்பிலும் டஸ், டிட் முன்னால் வந்துவிட்டால் ஆளையும் காலத்தையும் அவையே காட்டிவிடும். பின்னால் வெறும் ஹேவ் போதும். டஸ் ஷீ ஹேவ் தி ஃபைல்? ஐ டிடின்ட் ஹேவ் டைம்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது ஹேவிங் பற்றி. 'வைத்துக்கொண்டிருக்கிறேன்' என்று நாம் சொல்வதால் ஐ ஆம் ஹேவிங் எ கார் என்று நம் வாயில் தானாக வந்துவிடுகிறது. ஒரு பொருள் நம்மிடம் இருப்பது ஒரு நிலை, செய்துகொண்டிருக்கும் வேலை இல்லை. ஐ ஹேவ் எ கார், அவ்வளவுதான். ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன் என்றால், கேட்பவர் உனக்கு இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறது என்றுகூட நினைக்கலாம்! அதற்காக ஹேவிங் என்றாலே தப்பு என்று பயப்படாதே. ஐ ஆம் ஹேவிங் லஞ்ச், வீ ஆர் ஹேவிங் எ மீட்டிங் இரண்டும் சரி. ஒன்று சாப்பிடுவது, இன்னொன்று நடத்துவது. சந்தேகம் வந்தால், 'என்னிடம் இருக்கிறது', 'எனக்கு இருக்கிறது' என்று மாற்றிப் பார். பொருந்தினால் ஹேவிங் வேண்டாம்.

உன்னுடன் வேலை பார்ப்பவரின் சார்ஜரை நீ வாங்கி வைத்திருந்தால் ஐ ஹேவ் ஹிஸ் சார்ஜர் எனலாம், ஐ ஓன் இட் எனக் கூடாது. ஓன் என்றால் உரிமை உனக்கு. பிலாங் வந்தால் பொருள்தான் எழுவாய், நம் தமிழ் மாதிரியே: இட் பிலாங்ஸ் டு ஹிம், அது அவருடையது. அந்த டு-வை விட்டுவிடாதே. இட் இஸ் பிலாங்கிங் என்பதும் கிடையாது. பொசஸ் என்றாலும் வைத்திருப்பதுதான், ஆனால் அது சட்டத்துக்கும் ஆவணத்துக்கும் உரியது. சாதாரணப் பேச்சில் அது கனமாகத் தெரியும், எனக்குப் பிடிப்பதில்லை. ஐ ஹேவ் காட் என்று யாராவது சொன்னால் குழம்பாதே, ஐ ஹேவ் என்பதுதான் அது.

விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். உன் மேசையில் இருப்பதை, உன் டீமில் யாரிடம் என்ன இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார். அடுத்த முறை என்னோடு கொஞ்ச நேரம் ஆங்கிலத்திலேயே பேசு. நடுவில் திருத்த மாட்டேன். நீ பேசி முடித்த அப்புறம் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா